பெண் மகவுக்குப் பிரெஞ்சுப் பெயர்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில் எழுதுதற்குரிய பொருள்கள் பல உள. அவற்றுள் பெயரிடுதல் என்னும் சிறு பொருளை நாம் தேர்ந்துகொண்டது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். இன்று நம் இல்லங்களில் பெண் மகவு பிறந்தவுடன் இளம் பெற்றோர் புதிய பெயர் ஒன்றைத் தேடுகின்றனர். ஜோஸ்பின், மிஷேல், கிளேர், சோஃபி என்றவாறு பிரெஞ்சுப் பெயர்களை விரும்புவோரும் உளர். முதியோர் சிலர் இதனைப் பகட்டு என்கின்றனர். வேறு சிலர் தமிழுக்குச் செய்யும் இழுக்கு என்கின்றனர். இரு சாராரும் கருதிப் பார்க்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அதனை நம் சமுதாய இளைஞர்கள் அறிதல் நலம் என எண்ணியே இக்கட்டுரையை எழுதலானோம்.

பெயர் மறுக்கப்பட்ட காலம்

நம் மயிலாடி 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாஞ்சில் நாட்டின் ஊர். அந்நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த நிலையைச் சாமுவேல் மற்றீர் என்னும் மிஷனரி 1871இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்துள்ளார். அடிமைக் குலத்தார் மேல் சாதியார் முன்பு ‘நான்’ என்று கூறலாகாது. ‘அடியன்’ என்றே கூறல் வேண்டும். உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லலாகாது. அழுக்குக் கஞ்சி என்று பொருள்படக் ‘கரிக்காடி’ எனல் வேண்டும். தாம் பெற்ற பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று குறிப்பிடவும் அவர்க்கு உரிமை இல்லை. குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோதான் குறிப்பிடல் வேண்டும். அவ்வாறு பேசும்போதும் தம் மூச்சுக்காற்று பட்டுத் தீட்டாகாவண்ணம் வாயைக் கையால் பொத்திக்கொள்ளல் வேண்டும்.

இளைஞர்களே, இதனைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். தாய் ஒருத்தி தன் மகளுக்கு வீட்டிற்குள் எத்துணை அழகிய பெயரைச் சூட்டியிருப்பினும், வயல் வரப்பில் நின்று ஆண்டை கேட்கும்போது அப்பெயர் அவள் நாவில் எழ இயலாது. அப்பெண் அங்கே ஒரு கன்று; அவ்வளவே. உழைப்பைப் பறித்தது போதாதென்று பெயரையும் பறித்துக்கொண்ட கொடுமை அது. திருவிதாங்கூர் அரசு 1853இல் முதல் அறிக்கையையும், 1855இல் அடிமை முறையை முற்றாக நீக்கும் அறிக்கையையும் வெளியிட்டது. சட்டம் மாறிய பின்னும் பேச்சு வழக்கம் உடனே மாறிவிடவில்லை என்பதற்கு மற்றீரின் நூலே சான்று. அது சட்டம் வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது.

மயிலாடியில் ஒரு பெயர் மாற்றம்

பெயர் மாற்றம் என்பது நம் ஊர்க்குப் புதியதன்று. நம் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பார் சிதம்பர யாத்திரை சென்று, வழியில் தஞ்சையில் கிறித்தவ நெறியைக் கேட்டறிந்து, திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் மயிலாடிக்கு மீண்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அவர் அழைப்பின் பேரில் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே விடைபெற்றுச் சென்றபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார்.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மகாராசன் என்பது பேரரசன் எனப் பொருள்படும் பெயர். ஆளும் உரிமை எதுவும் இல்லாத குலத்தில் பிறந்த மகனுக்கு அப்பெயரைச் சூட்டிய பெற்றோரின் நெஞ்சுரத்தை நாம் போற்றுதல் வேண்டும். அவர் பின்னர் ஏற்ற பெயரும் மேல்நாட்டுப் பெயர் அன்று. நம் மக்கள் நாவில் எளிதில் வழங்கும் பெயரே. புதிய நெறிக்குச் செல்வோர் அயல்நாட்டுப் பெயரையே பூணுதல் வேண்டும் என்னும் கட்டாயம் தொடக்கத்தில் இல்லை என்பது இதனால் விளங்கும்.

1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்குக் கல்வியும் லேஸ் பின்னும் தொழிலும் கற்பித்தார். லேஸ் பின்னிப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய அடிமைப் பெண்களும் உண்டு. கன்று என்று குறிக்கப்பட்ட பெண்ணின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பட்டது இக்காலத்தில்தான். எழுதப்பட்ட பெயரை எவரும் எளிதில் அழித்துவிட இயலாது.

புதுச்சேரியில் எழுந்த புதிய பெயர்கள்

இனி, பிரெஞ்சுப் பெயர் தமிழர்க்குச் சட்டத்தின் வழியாகவே வந்து சேர்ந்த இடத்தை நோக்குவோம். அது புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கிய பிரெஞ்சிந்தியா ஆகும்.

1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் வழக்கறிஞர் மேல்நாட்டு முறையில் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்தினுள் சென்றார். இந்தியர் அவ்வாறு வருதல் கூடாது என நீதிபதி தடுத்தார். அவர் பாரிஸ் நகரின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று வழக்காடி வெற்றி கண்டார். அவர் நம் குலத்தவர் அல்லர். எனினும் காலில் செருப்பணிந்து நடக்கத் தடை எத்தகையது என்பதை நம் குலத்தார்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதனைத் தொடர்ந்து 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர் எவரும் தம் சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்கலாம் என்றது அவ்வாணை. அவ்வாறு துறந்தவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்து பதிவு செய்தல் வேண்டும். ஒருமுறை துறந்தபின் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. தந்தை துறப்பின் அது மனைவியையும் வயது நிரம்பாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். பொன்னுத்தம்பி பிள்ளை தமக்கு லாப்போர்த் என்னும் பெயரைத் தேர்ந்தார். ‘வாயில்’ என்பது அதன் பொருள்.

அந்த வாயில் வழியே நுழைந்தோருள் ஒடுக்கப்பட்ட குலத்துக் கிறித்தவர் பெருந்தொகையினர். அவர்தம் பெண் மக்கள் மரி, ழான், தெரேஸ், ரொசாலி போன்ற பெயர்களுடன் நகராட்சிப் பதிவேடுகளில் இடம்பெற்றனர். உயர் சாதியாருள் பெரும்பாலோர் இவ்வாணையை வரவேற்கவில்லை. சாதி வழக்கத்தைக் காத்தல் வேண்டும் என நின்ற சண்முக வேலாயுத முதலியார் அரசியலில் பெருஞ்செல்வாக்குப் பெற்றார்.

பெயர் மட்டும் மாறியிருப்பின் நாம் இதனை விரித்து எழுத வேண்டியதில்லை. பெயருடன் பெண்ணின் உரிமையும் மாறியது என்பதே இங்கு முதன்மையான செய்தி. நெப்போலியன் காலத்தில் 1804இல் எழுந்த பிரெஞ்சுக் குடியியல் சட்டம் தந்தையின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு வழங்கியது. ஒருவனுக்கு ஒரு மனைவி என்றது. திருமணம் பதிவு செய்யப்படல் வேண்டும் என்றது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் அதனை அடுத்த நாட்டிலும் இந்துப் பெண்கள் இவ்வுரிமைகளுக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல்தான் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும்தான் சட்டமாயிற்று. புதுச்சேரியில் தந்தை துறப்பு ஆவணத்தில் கையொப்பமிட்ட ஏழைக் குடும்பத்து மகள் ஒருத்தி, பங்கு கேட்கும் உரிமையை 1881க்குப் பின் பெற்றுவிட்டாள். பங்கிட்டுக் கொள்ளச் சொத்து இருந்ததா என்பது வேறு செய்தி, உரிமை இருந்தது.

ஆயினும் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அச்சட்டம் மனைவியைக் கணவனின் ஆணைக்குக் கீழ்ப்பட்டவளாகவே வைத்திருந்தது. பிரான்சு நாட்டுப் பெண்களுக்கே வாக்குரிமை 1944இல்தான் கிட்டியது. ஆண்களின் நிலையிலும் சமத்துவம் முழுமையாக வரவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர்க்கு ஒன்று, துறந்தோர்க்கு ஒன்று, துறவாத இந்தியர்க்கு ஒன்று. பிரெஞ்சுப் பெயர் பூண்டவன் பிரெஞ்சுக்காரனுடன் ஒரே பட்டியலில் அமர இயலவில்லை. ஆலயத்திற்குள்ளும் இதே நிலைதான். புதுச்சேரிச் சம்பா கோயிலில் பறையர் கிறித்தவரைப் பிரித்து வைத்த சுவர் பற்றி 1745லேயே கிளர்ச்சி எழுந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கூறுகிறது. சுவர் வீழ்ந்தும் மனச்சுவர் நின்றது. பெயர் ஒரு வாயிலைத் திறக்கும். உள்ளே இருப்போர் இருக்கை தருவரா என்பது அப்பெயரால் மட்டும் முடிவாவதன்று.

கடல் கடந்த தமிழர்

புதுச்சேரியில் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளுக்கோ அத்தேர்வும் இல்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் தமிழரைக் கொண்டு சென்றனர். 1853இல் மார்த்தினிக் தீவிற்கும், 1854இல் குவாதலூப் தீவிற்கும் முதற் கப்பல்கள் சென்றன. ரெயூனியன் தீவிற்கும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர்.

அங்கே எழுத்தர் காதில் விழுந்தவாறு தந்தையின் தமிழ்ப் பெயர் குடும்பப் பெயராயிற்று. பிறந்த குழந்தைகளுக்குத் தேவாலய நாட்காட்டியில் உள்ள பிரெஞ்சுப் பெயர்கள் அமைந்தன. வீரப்பிள்ளை, சிதம்பரம் போன்ற பெயர்கள் பிரெஞ்சு முன்பெயர்களின் பின்னே இன்றும் அங்கு வழங்குகின்றன. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பார் இத்தகைய பெயருடையவரே. இந்தியர் வழித்தோன்றல்கள் வாக்காளர் ஆதல் கூடாது எனத் தடுக்கப்பட்டபோது, 1904இல் வழக்காடத் தொடங்கிய அவர் 1923 வரை ஓயாது போராடி அவர்களுக்குக் குடியுரிமை பெற்றுத் தந்தார். பிரெஞ்சுப் பெயர் அவர்க்குக் குடியுரிமையைத் தரவில்லை. பத்தொன்பது ஆண்டு வழக்கும் அதனை நடத்தும் கல்வியும் தந்தன.

நம் தெருவில் உள்ள பிரெஞ்சுப் பெயர்கள்

இத்துணை தொலைவு சென்றுவிட்ட நாம் நம் மாவட்டத்திற்கே திரும்பி நோக்கினால், பிரெஞ்சுப் பெயர் இங்கு நேற்று வந்ததன்று எனக் காண்போம். ஜோஸ்பின் என்பது நெப்போலியனின் முதல் மனைவியின் பெயர். இன்று அது நாஞ்சில் நாட்டுப் பெயராகவே ஒலிக்கிறது. பெர்னதெத் என்பது லூர்து நகரில் 1858இல் அன்னை மரியின் காட்சி கண்டதாகக் கூறிய ஏழை மாவு ஆலைக்காரரின் பதினான்கு வயது மகளின் பெயர். அந்நகரின் பெயரோடு தமிழின் ‘அம்மாள்’ சேர்ந்து லூர்தம்மாள் ஆயிற்று. குளச்சல் தொகுதியில் 1957இல் வெற்றி பெற்றுக் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்ற லூர்தம்மாள் சைமனை நம் மாவட்டத்தார் நன்கறிவர். பிரான்சு நாட்டு மலையடிவார ஊரின் பெயர் கடற்கரைத் தமிழ்ப் பெண்ணின் பெயராகிக் கோட்டை வரை சென்றது. அதனை அயல்நாட்டுப் பெயர் என்று எவரும் இன்று ஒதுக்குவதில்லை.

தேர்வோர் கருத வேண்டுவன

ஆகவே, பிரெஞ்சுப் பெயரை விரும்பும் பெற்றோரை நாம் பழித்தல் தகாது. எனினும் அறிந்து தேர்தல் வேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம்.

முதலாவது, பொருள். மார்கரீத் என்பதன் பொருள் முத்து; நம் பாட்டிமார் முத்தம்மாள் என்று வழங்கிய பெயரே அது. கிளேர் என்பது தெளிவையும் ஒளியையும் குறிக்கும். சோஃபி அறிவு, சில்வி காடு, எமே அன்பு செய்யப்பெற்றவள். தெசிரே என்னும் பெயர்க்கு ‘விரும்பப்பெற்றவள்’ என்பது பொருள். நம் தமிழ்நாட்டில் ஆண் மகவை நாடிய குடும்பங்கள் அடுத்தடுத்துப் பிறந்த பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயரிட்ட வழக்கம் உண்டு. ஆண்டை நம் பிள்ளையைக் கன்று என்றது கொடுமையாயின், பெற்றோரே மகளை வேண்டாம் என்றழைத்தலும் கொடுமையே. ‘விரும்பப்பெற்றவள்’ என்னும் பொருளுடைய பெயரை ஒருவர் தம் மகளுக்கு எம்மொழியில் சூட்டினும் நாம் மகிழ்வோம்.

இரண்டாவது, ஆண்பால் பெண்பால் வேறுபாடு. பிரெஞ்சில் ஓர் எழுத்தே பாலை மாற்றும். ஆங்கிலத்தில் பெண்ணுக்கு வழங்கும் ஜீன் என்னும் பெயரின் அதே எழுத்துகள் பிரெஞ்சில் ஆணின் பெயராகும். பெண்ணுக்கு இறுதியில் இரண்டு எழுத்துகள் மிகும். லூயி என்பது ஆண். லூயீஸ் என்பது பெண். மிஷேல் என்னும் பெயர் இருபாலார்க்கும் ஒன்றாகவே ஒலிக்கும், எழுத்தில்தான் வேறுபடும். பிறப்புச் சான்றிதழில் தவறிய ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வரும்.

மூன்றாவது, நாவும் செவியும். பாட்டியின் நாவில் எழாத பெயர் வீட்டில் வழங்காது. லூசி என்பது ஒளி எனப் பொருள்படும் அழகிய பெயரே. எனினும் பள்ளிப் பிள்ளைகள் அதனைத் திரித்துக் கேலி செய்யக் கூடும். இவற்றை எண்ணிப் பார்ப்பதற்குக் காலம் உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயர் முடிவாகவில்லையெனின் பெயரின்றியே பதிந்துவிட்டு, 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

நான்காவது, நம் சமுதாயத்திற்கே உரிய சிக்கல். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, முதலில் இந்துக்களையும், 1956 முதல் சீக்கியரையும், 1990 முதல் பௌத்தரையும் மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. கிறித்தவம் தழுவியோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். எனவே மேல்நாட்டுப் பெயரைக் கண்டவுடன் சாதிச் சான்றிதழ் வழங்குவோர்க்கு ஐயம் எழலாம். ஆனால் ஆணை கூறுவது சமயத்தை, பெயரை அன்று. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் சான்றிதழை மறுத்தபோதும், திருமுழுக்குப் பெற்றமையையும் கடைப்பிடித்த நெறியையுமே கணக்கில் கொண்டது. ஆதலின் பெயர்க்கு அஞ்ச வேண்டியதில்லை. பெற்றோரின் சான்றிதழ்களையும் பிறப்புப் பதிவையும் ஒழுங்குற வைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரே கொடுமைக்கு ஆளான இரு உடன்பிறப்புகளைச் சமயத்தைக் காட்டிச் சட்டம் பிரித்து வைத்தல் முறையா என்னும் வினாவை நாம் தொடர்ந்து எழுப்புவோம்.

முடிவுரை

பிரெஞ்சுக்காரர்க்கே பெயரிடும் உரிமை முழுமையாக நெடுங்காலம் இருந்ததில்லை. 1803ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டிகளிலும் பண்டை வரலாற்றிலும் உள்ள பெயர்களையே அனுமதித்தது. 1993இல்தான் பெற்றோர் தம் விருப்பப்படி பெயரிட அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. பெயரிடும் உரிமை எங்கும் போராடிப் பெற்ற ஒன்றே. அவ்வுரிமை நம் கைக்கு வந்துள்ள இக்காலத்தில், முத்தம்மாள் என்றாயினும் மார்கரீத் என்றாயினும் சூட்டுவது பெற்றோரின் விருப்பம். பிறர் வற்புறுத்தலால் சூட்டுதலும், பிறர் ஏளனத்திற்கு அஞ்சி விடுதலும் ஆகிய இரண்டும் வேண்டா.

மயிலாடி கல் தச்சர்க்குப் பெயர்பெற்ற ஊர். கல்லில் ஒரு பெயரைப் பொறிக்குமுன் தச்சர் அதன் எழுத்துகளைப் பலமுறை சரிபார்ப்பர். நம் மகளின் பெயரையும் அத்துணைக் கருத்துடன் தேர்வோம். தேர்ந்தபின், அப்பெயரைத் தானே பிழையின்றி எழுதவும், அவைநடுவே நிமிர்ந்து நின்று கூறவும், தன் பங்கு ஈதென ஆவணத்தில் கையொப்பமிடவும் வல்ல கல்வியை அவளுக்கு வழங்குவோம். வாயைப் பொத்திக்கொண்டு பிள்ளையைக் கன்று என்று கூறிய தாய்மாரின் வழிவந்த நமக்கு, இதனினும் முதன்மையான கடமை பிறிதில்லை. அக்கடமைக்காகவே எழுந்த நம் சங்கம் பொன்விழாவும் காண்க! அவ்விழாவின் மலரில் இன்று பிறக்கும் நம் பெண் மக்கள் தத்தம் பெயருடன் கட்டுரை வரைக!